துளை போடும் முன்

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இருக்கிறதா என்று சோதிக்க நினைப்பவரிடம் முதலில் பேச வேண்டியது புற்றுநோயைப் பற்றி அல்ல. கூரை மேல் ஏறாதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள கல்நார் சிமெண்ட் ஷீட் இருபது, முப்பது வருடம் மதுரை வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, பாசி பிடித்துக் கிடந்தாலும் கீழிருந்து பார்க்கத் திடமாகவே தெரியும். கால் வைத்ததும் சட்டென்று பிளக்கும். டிஷ் ஆன்டெனாவைத் திருப்ப ஏறியவரும், ஒழுகும் இடத்தை அடைக்க ஏறியவரும், பந்தை எடுக்க ஏறிய பையனும் விழுந்து செத்த செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகைகளில் நான்கு வரிகளில் வந்து போகின்றன. கல்நார் தரும் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். இந்தச் சாவுக்கு ஒரு நொடி போதும்.

ஆகவே, வேறு ஊரில் இருந்துகொண்டு அலைபேசியில் வழிகாட்டும் நிபுணருக்கு ஒரு பரீட்சை வைக்கலாம். கூரையை வீடியோவில் காட்டச் சொல்லும்போது, தரையில் நின்றபடியே காட்டுங்கள் என்கிறாரா, ஏணி போட்டு ஏறச் சொல்கிறாரா? ஏறச் சொன்னால் அவரை விட்டுவிடுவது நல்லது.

இப்படித் தூரத்திலிருந்து வழிகாட்டும் ஏற்பாடு நமக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு நேரான காரணம் உண்டு. பிரிட்டனில் கட்டட ஆய்வுக்கென்று தனித் தேர்வு எழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் வீடுகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. ஜெய்ஹிந்த்புரத்திலோ செல்லூரிலோ வாடிப்பட்டியிலோ உள்ள ஒருவர் கூரையைப் பார்க்க ஆளைக் கூப்பிட்டால் வரப்போவது ஷீட் மாற்றித் தரும் ஒப்பந்தக்காரர்தான். அவருக்கு விற்பனை முக்கியம். தொழில் சுகாதாரம் படித்த ஒருவர் சென்னையிலோ அகமதாபாத்திலோ இருந்துகொண்டு படமும் வீடியோவும் பார்த்துச் சொன்னால், அதில் ஓரளவு நடுநிலை கிடைக்கும்.

இன்னொரு காரணம் பிள்ளைகள். மெல்பர்னிலோ டொராண்டோவிலோ வேலை பார்க்கும் மகன், வீடியோ காலில் அம்மாவின் தலைக்கு மேல் தெரியும் ஷீட்டைப் பார்த்துவிட்டு, உடனே பிரித்துப் போடச் சொல்கிறான். அவன் பயத்தில் நியாயம் உண்டு. கான்பெராவில் வீட்டு உத்தரத்துக்கு மேல் வெப்பத் தடுப்புக்காகத் தளர்வான கல்நார்ப் பஞ்சைக் கொட்டி நிரப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை, 2014-க்குப் பிறகு அரசே விலை கொடுத்து வாங்கி இடித்துத் தள்ளியது. ஆனால் அந்தப் பஞ்சும் நம் கூரையும் ஒன்றல்ல. அது கை பட்டாலே பறக்கும். நம் ஷீட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கல்நார். மீதி சிமெண்டும் சாம்பலும் சேர்ந்து அதை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிடி இருக்கும்வரை இழை வெளியே வருவது மிகக் குறைவு. அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்டிப் பிரித்தால், பத்து வருடம் சும்மா இருந்திருந்தால் வராத தூசி ஒரே மதியத்தில் வந்துவிடும்.

தொலைவிலிருந்து எதைத் தெரிந்துகொள்ள முடியும், எதை முடியாது என்பதுதான் இந்த விஷயத்தின் நடு முடிச்சு. முதலில் முடிந்தது. அலைநெளிவுக் கல்நார் சிமெண்ட் ஷீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயப் பணியகம் வைத்திருக்கும் எண் ஐ.எஸ். 459. ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண் அச்சாகியிருந்தால் அதில் கல்நார் உண்டு. கல்நார் இல்லாத இழை சிமெண்ட் கூரைக்கு ஐ.எஸ். 14871 என்று வேறு எண் இருக்கிறது. முத்திரை சில வீடுகளில் உள்ளிருந்தே தெரியும். தெரியாவிட்டால், கூரை போட்டபோது மீந்த ஷீட் ஒன்று கொல்லையில் சுவரோடு சாய்ந்து கிடக்கும், அல்லது கோழிக்கூண்டுக்கு மூடியாகியிருக்கும். அதைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அம்மா, டார்ச்சைச் சாய்ச்சுப் புடிங்க. எழுத்து ஏதாவது தெரியுதா?”

“தேஞ்சு போச்சு சார். நாலு அஞ்சு ஒம்போதுன்னு மட்டும் தெரியுது.”

“அது போதும்மா. இந்தக் கூரைக்கு டெஸ்ட் எடுக்கவே வேண்டாம்.”

அந்தக் கடைசி வரிதான் நல்ல வழிகாட்டியின் அடையாளம். மதுரையில் சாதாரண ஷீட் வீட்டுக்குச் சோதனைக் கட்டணம் வீண். இன்றைக்கும் இந்தியா ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் வெள்ளைக் கல்நாரை, பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து, இறக்குமதி செய்கிறது. அதில் மிகப் பெரும் பங்கு கூரை ஷீட்டுக்குப் போகிறது. அலைநெளிவான, சாம்பல் நிறமான, தட்டினால் மந்தமாக ஒலிக்கும் பழைய சிமெண்ட் ஷீட் என்றால், இல்லை என்று நிரூபணமாகும்வரை உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் ஒரே கட்டத்தில் போட்டு, நாட்டில் சுமார் 16 சதவீத வீடுகள் அந்தக் கூரையின் கீழ் இருப்பதாகச் சொன்னது. அதில் எத்தனை தகரம், எத்தனை கல்நார் என்று அந்தக் கணக்கு பிரிக்கவில்லை. ஒரு நாடு தன் மக்களின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதை இப்படிக் கலந்து எண்ணியிருக்கக் கூடாது.

சோதனை உண்மையிலேயே தேவைப்படுவது சந்தேகமான பொருட்களுக்கு. தட்டையான சன்ஷேட் பலகை, அலுவலகமாக இருந்து வீடாக மாறிய கட்டடத்தின் பால்ஸ் சீலிங், பழைய வினைல் தரை ஓடு, மூடிய மில்லில் இருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கிவந்த குழாயில் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு, பேக்கரி அடுப்புக் கதவின் கயிறு, அந்தக் காலத்து ப்யூஸ் கட்டைக்குள் இருக்கும் நார். புகைபோக்கியாகவும் கக்கூஸ் காற்றுக் குழாயாகவும் நிற்கும் ஏசி பைப்பை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அதன் முழுப் பெயரே ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப். தமிழகத்தின் பழைய குடிநீர்ப் பாதைகளிலும் அது நிறையப் புதைந்திருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்காக மதுரைத் தெருக்களைத் தோண்டிப் புதுக் குழாய் பதிக்கும்போது, பழைய குழாயை மெஷின் வைத்து அறுப்பவர் எதை அறுக்கிறோம் என்று தெரிந்துதான் அறுக்க வேண்டும். (தண்ணீரைக் குடிப்பதால் தீங்கா என்று பலர் கேட்கிறார்கள். விழுங்கப்படும் இழையால் நோய் வருவதற்கு உறுதியான சான்று இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை. சுவாசிப்பதுதான் சிக்கல்.)

இனி, தொலைவிலிருந்து முடியாதது. எந்தப் படமும், எந்த அலைபேசிச் செயலியும், எவ்வளவு அனுபவமுள்ள கண்ணும் ஒரு பலகையில் கல்நார் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்பது அந்தக் கனிமத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வெள்ளைக் கல்நார், அதாவது கிரைசோடைல், மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த இரட்டை அடுக்கு. மக்னீசிய அடுக்கு சிலிக்கா அடுக்கைவிடச் சற்றே அகலம். இரண்டும் ஒட்டியிருப்பதால் அகலமானது வெளிப்பக்கமாக வர, முழுத் தாளும் வளைந்து பாயைச் சுருட்டியதுபோல் குழலாகிவிடுகிறது. அப்படி ஒரு குழலின் குறுக்களவு ஒரு மைக்ரானில் நாற்பதில் ஒரு பங்கு அளவுதான். நம் தலைமுடியோ எழுபது மைக்ரான். ஷீட் உடைந்த ஓரத்தில் பஞ்சு போலத் துருத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரிவது பல்லாயிரம் குழல்கள் சேர்ந்த கற்றை. கல்நார் இல்லாத ஷீட்டிலும் காகிதக்கூழோ பிளாஸ்டிக் இழையோ அதே மாதிரித் துருத்தும். லைட்டரால் சுட்டுப் பார்த்து எரியவில்லை என்றால் கல்நார் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். கண்ணாடி இழையும் எரியாது. சிமெண்டில் பொதிந்த எதுவுமே எளிதில் எரியாது. அது சோதனையே அல்ல.

நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் சுருளாமல் நேரான ஊசிகளாக இருப்பவை. நுரையீரலில் அவை நெடுங்காலம் கரையாமல் கிடக்கும். வெள்ளை வகை அவற்றைவிடச் சீக்கிரம் சிதைந்து வெளியேறிவிடும், ஆகவே அது பாதுகாப்பானது என்பது அந்தத் தொழில் நெடுங்காலமாகச் சொல்லும் வாதம். சீக்கிரம் சிதைவது உண்மை. பாதுகாப்பானது என்ற முடிவு அதிலிருந்து வராது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எல்லாச் சான்றுகளையும் பரிசீலித்து, வெள்ளை உட்பட அனைத்து வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூலகம் ஆகியவற்றின் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவும் அதில் அடங்கும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் ஊரின் கல்நார் நெசவாலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924-ல் இறந்தபோது, அவருடைய நுரையீரல் தழும்பேறிக் கிடந்ததை மருத்துவர் வில்லியம் குக் ஆராய்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடன் பணியாற்றியவர்களும் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு தொடர்புடைய மீசோதீலியோமா நோயாளிகள் 33 பேரைப் பற்றி வெளியிட்டார்கள். அவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளிகளே அல்லர். அந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், சிறுவயதில் கழிவுக் குவியல்களில் விளையாடியவர்கள். இத்தாலியில் காசாலே மொன்ஃபெர்ராட்டோ என்ற சிறு நகரில் 1907 முதல் 1986 வரை கல்நார் சிமெண்ட் ஆலை ஓடியது. நம் கூரை ஷீட்டைப் போன்ற பொருளைத்தான் அங்கே செய்தார்கள். தொழிலாளிகளின் உடுப்பைத் துவைத்த மனைவிமாரும், ஆலைக்கே போகாத ஊர்க்காரர்களும் அந்த நோயால் இறந்தார்கள். கூரை ஷீட் ஆபத்தற்றது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு ஷீட் கூரையின் கீழ் வாழ்வதும் ஆலைப் பக்கத்தில் வாழ்வதும் அளவில் ஒன்றல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அளவு கூடக் கூட ஆபத்து கூடும். இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கோடு கிழிக்கத்தான் எவராலும் முடியவில்லை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஹாமண்ட், செலிகாஃப் குழுவினர் அமெரிக்க வெப்பக்காப்புத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979-ல் வெளியிட்ட கணக்கில், புகைக்காத கல்நார்த் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. கல்நார் வேலை இல்லாமல் புகைப்பவருக்குச் சுமார் பதினொரு மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பது மடங்குக்கு மேல். ஷீட் வேலை செய்யும் ஒருவர் தன் ஆயுளைக் கூட்டிக்கொள்ள இன்றே செய்யக்கூடிய காரியம் பீடியைக் கீழே போடுவது.

சரி, சந்தேகமான பலகையிலிருந்து மாதிரி எடுத்தே ஆக வேண்டும் என்றால் எப்படி? வீடியோ அழைப்பின் பயன் முழுமையாகத் தெரிவது இங்கேதான். முதலில் வழிகாட்டி கேட்க வேண்டிய கேள்வி, எடுக்காமலே முடியுமா என்பது. ஏற்கெனவே உடைந்து விழுந்த துண்டு இருந்தால் புதிதாக எதையும் உடைக்க வேண்டாம். இல்லையென்றால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் சில சொட்டு கலந்த தண்ணீரைத் தெளிப்பானில் ஊற்றி, எடுக்கப்போகும் இடத்தை நன்றாக நனைத்துச் சில நிமிடம் ஊறவிட வேண்டும். வெறுந்தண்ணீர் மேலோடு வழிந்து ஓடிவிடும். சோப்பு சேர்ந்தால்தான் உள்ளே இறங்கும். துணியும் துண்டும் மூக்கைக் காப்பாற்றா. கொரோனாக் காலத்து நீல முகக்கவசமும் அப்படித்தான். அமெரிக்க விதிகள் என்95 போன்ற ஒருமுறைக் கவசங்களைக்கூடக் கல்நார் வேலைக்கு ஏற்பதில்லை. பிரிட்டனில் குறைந்தது எஃப்எஃப்பி3 வகை கேட்கிறார்கள். நாம் எடுப்பது ஒரு சிறு துண்டுதான் என்றாலும் பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர்க் கவசம் இருந்தால் நல்லது. முகத்தோடு அது ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் உட்காராது. இதை வழிகாட்டி திரையில் பார்த்தே சொல்லிவிடலாம்.

பிறகு, நனைந்த ஓரத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, பைக்கு உள்ளேயே குறடால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கிள்ளி எடுக்க வேண்டும். அரம், ரம்பம், டிரில் எதுவும் ஆகாது. பையை மூடி, ஈரக் காகிதத்தால் வெளியே துடைத்து, இன்னொரு பைக்குள் போட்டு, எந்த அறை, எந்தப் பலகை, என்ன தேதி என்று எழுத வேண்டும். உடைத்த ஓரத்தில் பெயின்ட் பூசியோ எம்-சீல் வைத்தோ அடைக்க வேண்டும். துடைத்த காகிதத்தையும் விரிப்பையும் நனைத்தபடியே சுருட்டித் தனிப் பையில் கட்ட வேண்டும். அடுத்த பொருளைத் தொடுமுன் குறடைக் கழுவாவிட்டால் முதல் பலகையின் இழை இரண்டாவது பலகையின் முடிவில் வந்து நிற்கும்.

“கீழ கொஞ்சம் தூள் கெடக்கு சார். கூட்டிப்புடவா?”

“வாரியலைத் தொடாதீங்கம்மா. ஈரத் துணியை வச்சு ஒத்தி எடுங்க, அதையும் பையில போட்ருங்க.”

நம் வீடுகளில் கையில் இருக்க வேண்டிய பொருள் வாரியல்தான் என்று பழகிவிட்டதால், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே யாராவது அலைபேசியின் மறுபக்கம் இருக்க வேண்டியிருக்கிறது. வீட்டு வேக்வம் கிளீனர் வாரியலைவிட மோசம். நுண்ணிழைகள் அதன் சாதாரண வடிகட்டியைத் தாண்டி அறை முழுவதும் பரவும்.

இந்த வேலையில் மறுத்துவிட வேண்டிய கட்டங்களும் உண்டு. குழாயில் சுற்றிய வெள்ளைப் பூச்சு கை பட்டாலே உதிர்கிறது, கூரைக்கு அடியில் பஞ்சாகத் தொங்குகிறது என்றால் வீட்டுக்காரர் மாதிரி எடுக்கக் கூடாது. அறையைச் சாத்திவிட்டு, கருவிகளோடு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு செலவானாலும் அதற்கு நேரில் வரும் நிபுணர்தான். வீடியோவில் அதையும் செய்யலாம் என்று சொல்பவர் தன் தொழிலை அறியாதவர்.

மாதிரி போய்ச் சேரும் ஆய்வகத்தில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அறிக்கையைப் படிக்க எளிதாக இருக்கும். துண்டை அமிலத்தில் ஊறவைத்துச் சிமெண்டைக் கரைத்து இழையைத் தனியே பிரிக்கிறார்கள். சந்தேக இழையை, ஒளிவிலகல் எண் 1.550 உள்ள எண்ணெய்த் துளியில் வைத்து முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நிலவியல் மாணவர்கள் பாறைச் சீவலைப் பார்க்கும் அதே வகைக் கருவிதான். வெள்ளைக் கல்நாரின் ஒளிவிலகல் அந்த எண்ணெயோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதால், தகுந்த தடுப்பு வைத்துப் பார்க்கும்போது இழை ஒரு பக்கம் செந்நீலமாகவும் திருப்பினால் நீலமாகவும் மின்னும். பழுப்புக்கும் நீலத்துக்கும் வேறு எண்ணெய், வேறு நிறம். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் காகிதக்கூழும் இந்தத் தேர்வில் தோற்றுவிடும். பார்க்கவே அழகான சோதனை.

அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் உடனே நிம்மதிப் பெருமூச்சு விடக் கூடாது. கூரை ஷீட்டில் கல்நார் நூற்றுக்குப் பத்து வரை இருப்பதால் தவற வாய்ப்பு குறைவு. வினைல் ஓட்டில் இழையை மிக நுணுக்கமாக அரைத்துக் கலந்திருப்பார்கள். ஒளி நுண்ணோக்கிக்கு அது தெரியாமல் போகலாம், எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படும். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த அங்கீகாரப் பட்டியலில் கல்நார்ச் சோதனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டிக் கல்நாருக்கும் பணம் வாங்கினால் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. வழிகாட்டிக்குத் தெரிய வேண்டும்.

காற்றைச் சோதிக்கலாமே என்று கேட்பவர்கள் செல்லூரின் தறிக்கூடங்களை நினைத்துக்கொள்ள வேண்டும். காற்றை வடிதாளில் இழுத்து, ஐந்து மைக்ரானைவிட நீளமும் மூன்று மைக்ரானைவிடக் குறுகலுமான இழைகளை எண்ணுவதுதான் வழக்கமான முறை. எண்ணும் நுண்ணோக்கிக்கு அது கல்நாரா, கண்ணாடி இழையா, பஞ்சின் மெல்லிய சிதறலா என்று பிரிக்கத் தெரியாது. பஞ்சுத் தூசி நிறைந்த கூடத்தில் வரும் எண்ணை வைத்துப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. அதுபோக, கூரையை யாரும் தொடாத ஒரு நாளில் எடுத்த காற்று, கூரையில் துளை போட்ட நாளைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அந்த நாள்தான் எனக்குக் கவலை. சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது ஷீட் வீட்டுக்குள் இருக்க முடியாது. ஆகவே மேலே வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறார்கள். அடிக்குமுன் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரஷர் வாஷரால் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். சிமெண்டின் மேல்தோல் ஏற்கெனவே மழையில் கரைந்து இழை வெளியே தலைநீட்டி நிற்கும் இடம் அது. தேய்த்ததும் கழுவியதும் இறவாரத்து மண்ணில் இறங்குகிறது, காய்ந்தபின் பறக்கிறது. பெயின்ட் அடிப்பது நல்லது, வெயிலும் குறையும், இழையும் அடங்கும். ஆனால் உலர்ந்த தேய்ப்பு வேண்டாம். பாசிக்கொல்லி மருந்தை மெதுவாகத் தெளித்துக் காயவிட்டு, முதல் பூச்சை அதன் மேலேயே தெளிப்பதுதான் முறை. ஆளும் ஷீட் மேல் நடக்காமல், சட்டத்தின் மேல் குறுக்குப் பலகை போட்டு நின்றுதான் அதைச் செய்ய வேண்டும்.

ஷீட்டை வெட்டும் விதமும் அப்படித்தான். பத்தடி ஷீட்டை எட்டடியாக்க வேண்டும் என்றால் கட்டிங் மெஷினை எடுத்து ஒரே இழுப்பில் அறுக்கிறார்கள். வெள்ளைப் புகை எழும்பி ஆளையே மறைக்கிறது. அந்த வட்டத் தகடு ஒரு நிமிடத்தில் எழுப்பும் தூசியை, நனைத்துக் கைரம்பத்தால் அறுப்பதோடு ஒப்பிடவே முடியாது. ஜே போல்ட்டுக்குத் துளை போடும்போதும் அப்படியே. கையால் சுழற்றும் துரப்பணம், துளையிடும் இடத்தில் ஒரு பிதுக்கு ஷேவிங் கிரீம், அவ்வளவுதான் மாற்றம். தூசி நுரையில் சிக்கிக்கொள்ளும், துடைத்து எடுத்துவிடலாம். கப்பலூர், கே.புதூர் பட்டறைகளிலும் சோலார் பலகை மாட்டும் வீடுகளிலும் இந்த வேலையை வருடம் முழுக்கச் செய்யும் இளைஞர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் சுவாசிக்கிறார், இந்த இளைஞர்கள் தினமும் சுவாசிக்கிறார்கள். வீட்டுச் சோதனை பற்றிய எல்லாப் பேச்சும் வீட்டுக்காரரின் பயத்தை மட்டும் சுற்றி வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தக் கூரை நம்மிடம் வந்ததற்குக் காரணம் அறியாமை அல்ல. ஓலை எரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தபின், பள்ளிகளின் ஓலைக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. எரியாத, கறையான் அரிக்காத, மழையில் தகரம்போல் காதைப் பிளக்காத, தகரத்தைவிடச் சற்றுச் சூடு குறைந்த மலிவான கூரை என்றால் அன்று கையில் இருந்தது இந்த ஷீட்தான். 1900 வாக்கில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்ஷெக் இதைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தபோது அது ஏழைகளின் கூரைக்குக் கிடைத்த வரமாகவே தோன்றியது. இந்தியாவில் 1934-ல் மத்தியப் பிரதேசத்தின் கைமூரில் முதல் ஆலை வந்தது. பின்னர் நம் பக்கத்தில் போத்தனூரிலும் அரக்கோணத்திலும் ஆலைகள் வந்தன. இன்று மாற்றச் சொல்பவர்கள் மாற்றும் செலவை யார் தருவது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒற்றை அறையில் குடியிருக்கும் பூக்கட்டும் பெண்ணிடம் கலர் கோட்டிங் ஷீட்டின் விலையைச் சொல்லிவிட்டு வருவது அறிவியல் ஆகாது.

சட்டம் பாதி தூரம் வந்து நிற்கிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோய் வெளிப்பட இருபது முதல் ஐம்பது ஆண்டு ஆகும் என்பதால்தான் அவ்வளவு நீண்ட காலம். முழுத் தடை கேட்ட மனுவை 2011-ல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்கா வெள்ளைக் கல்நாரையும் 2024 மார்ச்சில் தடை செய்தது. இலங்கை 2018 முதல் தடை என்று அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் இலங்கை கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலையும் மீண்டும் ரஷ்யா போனது. மலையகத் தமிழர்கள் பறித்த கொழுந்தும் அவர்கள் குடியிருக்கும் லயத்தின் கூரையும் ஒரே பேரத்தில் எடைபோடப்பட்ட விதம் அது.

உடைந்த ஷீட்டை என்ன செய்வது என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். அபாயகரக் கழிவு விதிகள், 2016, தொழிற்சாலையின் கல்நார்க் கழிவை அபாயகரப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டில் உடைந்த ஷீட்டோ கால்வாய் ஓரத்துக்கோ வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்கோ போகிறது, அல்லது பள்ளமான பாதையில் கொட்டப்பட்டு வண்டிச் சக்கரத்தின் கீழ் மாவாகிறது. இந்தக் கடைசிப் பழக்கம்தான் மிகக் கெட்டது. உடைக்காமல், நனைத்து, கனமான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, என்ன பொருள் என்று எழுதி ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அங்கீகரித்த புதைநிலத்துக்கு அனுப்புவதே முறை. நாலு ஷீட்டுக்காக ஒரு குடும்பம் இவ்வளவும் செய்யாது. மாநகராட்சி வார்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி இவற்றைத் தனி வண்டியில் எடுத்தால் செய்யும். மருத்துவக் கழிவைப் பிரித்து எடுக்கப் பழகிய ஊருக்கு இது முடியாத காரியமல்ல.

வழிகாட்டி அழைப்பை முடிக்குமுன் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: வீட்டில் யாராவது ஷீட் வேலை, பாய்லர் வேலை, பிரேக் ஷூ வேலை, குழாய் அறுக்கும் வேலை பார்த்தவர்களா? இருந்தால், வீட்டுக் கூரையைவிட அந்த வருடங்கள் முக்கியம். நாள்பட்ட இருமலோடும் மூச்சுத் திணறலோடும் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்கோ ராஜாஜி மருத்துவமனைக்கோ போகும் ஒருவருக்கு எக்ஸ்-ரேயில் தழும்பு தெரிந்தால், நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய் மீது விழும். மேலூர் குவாரியில் கல் உடைத்தவர் என்றால் சிலிக்கா தூசி காரணமாயிருக்கலாம். எந்த வயதில், எந்தப் பட்டறையில், எத்தனை வருடம், என்ன தூசி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் கொடுத்தால் அவர் வேறு கோணத்தில் பார்ப்பார். வேலை பார்த்த இடம் மூடியிருந்தாலும் பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை எதுவானாலும் அந்தத் தாளோடு சேர்த்து வைக்க வேண்டும். நட்டஈடு கேட்க நேர்ந்தால் அவைதான் சாட்சி.